வென்றவரைப் போற்றினோம், தோற்றவரை மறந்தோம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுமிடம் திருமுக்கூடல். உத்திரமேரூர்ப் பகுதியைச் சேர்ந்த அச்சிற்றூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டொன்று உள்ளது. கல்வெட்டுப் பயிற்சிக்கென மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர் எவரும் அதனைத் தவறவிடுவதில்லை. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் பெயரில் 15 கட்டில்களுடன் நடந்த ஆதுலர்சாலை ஒன்றைப் பற்றி விரித்துரைக்கின்றது. நோய் தீர்க்கும் மருத்துவர், அறுவை செய்வோர், பச்சிலை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியம் அதில் கணக்கிட்டுத் தரப்பட்டுள்ளது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்க்கு உணவளிக்கவும் அக்கல்வெட்டிலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டது.

அக்கல்லின் முன் நின்றபோது மாணவர் இருவரிடையே ஒரு வாதம் மூண்டது. "மருத்துவமனை நடத்துவது அரசின் வேலையன்று ஐயா. காவல், நீதி, படை மூன்றும் போதும். மற்றவற்றை மக்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றார் ஒருவர். வணிகவியல் பயின்று பின் தமிழுக்கு வந்தவர் அவர். "அப்படியானால் இந்தக் கல்லை என்ன செய்யலாம்?" என்றார் மற்றவர். எல்லாரும் சிரித்தோம், பேருந்தும் வந்துவிட்டது. எனினும் ஊர் திரும்பும் வரையில் என் நினைவில் நின்றவர், அவ்விருவரும் பெயரளவிலேனும் கேட்டிராத ஒருவர். அவர் கோக்கா சுப்பாராவ். 1967ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களை எதிர்த்து நின்று தோற்றவர்.

வென்றவரை நாம் நன்கறிவோம். ஜாமியா மில்லியாவை வறுமையினின்றும் காத்து வளர்த்தவர். பெர்லினில் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். காந்தியடிகளின் வார்தாக் கல்வித் திட்டத்துக்கு உருவம் கொடுத்த குழுவின் தலைவர். அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர் எனப் படிப்படியாக உயர்ந்து, 1967 மே 13 அன்று நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். இளையான்குடியில் அவர் பெயரால் ஒரு கல்லூரியே விளங்குகின்றது. இப்பெருமைகளில் ஒன்றையும் குறைக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் அவரால் தோற்கடிக்கப்பட்டவரிடம் நம் சமுதாயம் ஒரு பெரிய கடன் பட்டிருக்கிறது என்பதையும், அக்கடனை நாம் ஒருநாளும் கணக்கில் எழுதவில்லை என்பதையும் இம்மலரின் வாசகர்க்குச் சொல்ல விரும்புகின்றேன்.

அமெரிக்காவில் அதிபரை எதிர்த்துப் போட்டியிடும் வேட்பாளர், அரசு, பொருளாதாரம், பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் தம் திட்டத்தை மக்கள்முன் வைப்பார். 1980இல் கார்ட்டரை எதிர்த்து நின்ற ரொனால்டு ரீகன் அவ்வாறு வைத்த பழமைவாதத் திட்டம் உலகறிந்தது. வரியைக் குறை, அரசைச் சுருக்கு, படையைப் பெருக்கு என்பதே அதன் சாரம். தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 70 விழுக்காட்டிலிருந்து அவர் ஆட்சி முடிவதற்குள் 28 விழுக்காடாக இறங்கியது. படைச் செலவோ ஏறியது. அரசைச் சுருக்க வந்தவரின் எட்டாண்டுகளில் நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக் குடியரசுத் தலைவருக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டியவர் அவர். ஆகவே அப்பதவிக்குப் போட்டியிடுவோர் தேர்தல் அறிக்கை வெளியிடுவதில்லை. அவர் எந்தத் திட்டத்தின் முகமாக நிறுத்தப்படுகிறார் என்பதை அறிய, அவரை நிறுத்திய கட்சிகளையும் அவர் அதுவரை செய்த பணிகளையுமே நோக்க வேண்டும். சுப்பாராவ் அவர்களுக்கு அவர்தம் தீர்ப்புகளே தேர்தல் அறிக்கை.

ராஜமுந்திரியில் 1902இல் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக 1948இல் அமர்ந்தவர் அவர். பின்னர் ஆந்திர உயர்நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியானார். 1966இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். 1967 பிப்ரவரி 27 அன்று கோலக்நாத் வழக்கில் தீர்ப்பு வழங்கினார். பஞ்சாபில் பெருநிலம் வைத்திருந்த குடும்பமொன்று, நில உச்சவரம்புச் சட்டம் தன் உரிமையைப் பறிப்பதாகத் தொடுத்த வழக்கு அது. பதினொரு நீதிபதிகளுள் அறுவர் ஒருபக்கம், ஐவர் மறுபக்கம். அடிப்படை உரிமைகளைக் குறைக்கவோ பறிக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை, அரசியலமைப்புத் திருத்தம் என்ற பெயராலும் அதனைச் செய்ய இயலாது என்று பெரும்பான்மையோர் சார்பில் அவர் எழுதினார். அத்துடன், ஏற்கெனவே நடந்துவிட்ட நிலச் சீர்திருத்தங்களை இத்தீர்ப்பு கலைக்காது, இனி வருவனவற்றுக்கே பொருந்தும் என்றும் வரையறுத்தார். நாட்டைக் குழப்பத்தில் தள்ளாமல் சட்டத்தை நிலைநாட்டிய நுட்பம் அது.

ஏப்ரல் 11 அன்று தலைமை நீதிபதி பதவியைத் துறந்து எதிர்க்கட்சிகளின் வேட்பாளரானார். நீதியரசர் ஒருவர் இருக்கையிலிருந்து எழுந்து நேரே தேர்தற் களத்துக்கு வருவது முறையா என்று அன்று பலர் கேட்டனர். முறையன்று என்பதே என் கருத்தும். அவர் பெருமையில் விழுந்த கறை அது. எனினும் களம் வலிமையானதாகவே இருந்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் மக்களவையில் 283 இடங்களுக்கு இறங்கியிருந்தது. பல மாநிலங்களை இழந்திருந்தது. மே 6 அன்று நடந்த தேர்தலில் ஜாகிர் உசேன் 4,71,244 வாக்கு மதிப்பும் சுப்பாராவ் 3,63,971 வாக்கு மதிப்பும் பெற்றனர். அதற்கு முன் நடந்த தேர்தல்களில் எதிர்த்து நின்ற எவரும் இவ்வளவு நெருங்கியதில்லை.

அவரை நிறுத்திய கட்சிகளுள் பழமைவாதத் திட்டத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்தது சுதந்திராக் கட்சியே. 1959இல் சென்னையில் பிறந்த கட்சி அது. மூதறிஞர் ராஜாஜி அதன் உயிர், என்.ஜி. ரங்காவும் மினு மசானியும் அதன் தூண்கள். கூட்டுறவுப் பண்ணை முறையைக் காங்கிரஸ் நாகபுரியில் தீர்மானமாக நிறைவேற்றிய சில மாதங்களிலேயே அது தோன்றியது. உழவனின் நிலம் உழவனிடமே இருக்கட்டும், வணிகனின் கடையைத் திறக்க அதிகாரியின் கையொப்பம் வேண்டாம், அரசு தன் எல்லைக்குள் நிற்கட்டும் என்பன அதன் குரல். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்னும் மூன்று சொற்களைச் சேர்த்து 'ராஜ்' என்று ராஜாஜி வைத்த பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. 1967இல் மக்களவையில் 44 இடங்களைப் பெற்று, எதிர்க்கட்சிகளுள் முதலிடத்தில் அது நின்றது.

பொருளாதாரத்தில் அவர்கள் சொன்னது பெரும்பாலும் மெய்யாயிற்று என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டு வருமான வரியின் உச்சம், மேல்வரியும் சேர்த்து, 97.75 விழுக்காடு வரை சென்றது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயை மட்டும் எடுத்துக்கொள் என்றால், எந்த மனிதன் நேர்மையாகக் கணக்குக் காட்டுவான்? தோல் வணிகமும் துணி வணிகமும் செய்த நம் முன்னோர் ஒரு பொறியை இறக்குமதி செய்யத் தில்லிக்கு எத்தனை முறை நடந்தனர் என்பதை வாணியம்பாடிப் பெரியவர்களையும் ஆம்பூர்ப் பெரியவர்களையும் கேட்டால் கதை கதையாகச் சொல்வர். 1991 ஜூலையில் நரசிம்மராவ் அரசு, 18 தொழில்கள் நீங்கலாக ஏனைய அனைத்துக்கும் உரிமம் பெறும் கட்டாயத்தை நீக்கிற்று. சுதந்திராக் கட்சியோ 1974இலேயே வேறொரு கட்சியில் கரைந்து மறைந்திருந்தது. திட்டம் பிழைத்தது, கட்சி பிழைக்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி அக்கட்சி சொன்னது இன்னும் வியப்புக்குரியது. பழமைவாதி என்றால் படைவெறியர் என்று எண்ணும் பழக்கம் நமக்குண்டு. ராஜாஜி அவ்வகையினர் அல்லர். 1962 சீனப் போருக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் நம் படைச் செலவு இரு மடங்கிற்கு மேலாயிற்று. அணிசேராக் கொள்கை நம்மைக் காக்கவில்லை, மேற்கு நாடுகளின் துணையை நாட வேண்டும் என்றது சுதந்திரா. அதே வேளையில், பாகிஸ்தானுடன் பகை தீர்ப்பதே தலையாய பாதுகாப்பு என்று ராஜாஜி விடாமல் வற்புறுத்தினார். 1964இல் ஷேக் அப்துல்லா விடுதலையானபோது அதனை வரவேற்றார். அவ்வாண்டு மே மாதம் ஷேக் சென்னைக்கு வந்து அவரைச் சந்தித்தார். அணுகுண்டு ஆய்வை நிறுத்துமாறு கேட்க 83ஆம் வயதில் வாஷிங்டன் சென்று கென்னடியைக் கண்டவரும் அவரே. ஆனால் சுப்பாராவை ஆதரித்த மற்றொரு கட்சியான ஜனசங்கம், இந்தியா அணுகுண்டு செய்தே ஆகவேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தது. ஒரே வேட்பாளரின் பின்னே இரு வேறு பாதுகாப்புத் திட்டங்கள்! அவர் வென்றிருந்தால் இவற்றுள் எது தலைதூக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், நம் பெரியோர் அன்று ஜாகிர் உசேன் பக்கம் நின்றதில் வியப்பில்லை.

திட்டத்தின் குறையையும் ஒளிக்க வேண்டியதில்லை. 'அரசு சிறுக வேண்டும்' என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்கும் இடம் திருமுக்கூடல் கல்லே. அரசன் நோயாளிக்குக் கட்டில் போடுவதும் மாணவனுக்குச் சோறிடுவதும் மாஸ்கோவிலிருந்து வந்த சரக்கன்று. பாலாற்றங்கரையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய கணக்கு. அதற்குப் பக்கத்து ஊரான உத்திரமேரூரின் கல்வெட்டோ வேறொரு பாடம் சொல்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து அக்குடவோலைக் கல்வெட்டு (919, 921) மக்களாட்சியின் பழஞ்சான்றாக மேடைகளில் முழங்கப்படுகிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்னும் விதி அதில் உண்டு, பாராட்டத்தக்கதே. ஆனால் குடத்தில் எவர் பெயர் விழலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன், சொந்த மனையில் வீடு கட்டியவன், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவன், வேதம் கற்றவன். நிலமில்லாதவன் அக்குடத்தின் அருகிலும் செல்ல இயலாது. சொத்தை ஆட்சியின் அடித்தளமாக்கினால், சொத்தில்லாதவன் எங்கே நிற்பான் என்னும் வினாவுக்குச் சுதந்திராக் கட்சி கடைசி வரை விடை சொல்லவில்லை. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி முதலிய அரச குடும்பத்தாரும் நிலக்கிழார்களும் அதில் நிறைந்திருந்தது தற்செயலன்று.

தமிழ்நாட்டில் அதன் விதி வேடிக்கையானது. 1967இல் பேரறிஞர் அண்ணாவின் தலைமையில் அமைந்த கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராவும் காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக்கும் ஒரே மேடையில் நின்றன. அம்மேடையின் பெருங்குரலோ ரூபாய்க்குப் படி அரிசி! சென்னை மாகாண முதல்வராக 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் நீக்கியவர், அரசே அரிசி விலையை நிர்ணயிக்கும் வாக்குறுதிக்கு அருகில் அமர்ந்திருந்தார். (இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியை 1939இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவரும் அவர்தாம் என்பதை வணிகர் சங்கத்தார் மறந்திருக்கலாம்.) மதுவிலக்கைப் பொறுத்தமட்டில், அரசு மனிதனின் குவளைக்குள்ளும் நுழையலாம் என்று உறுதியாக நம்பியவரும் அவரே. 1971இல் கொட்டும் மழையில் கலைஞர் இல்லம் சென்று மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாமென்று மன்றாடினார். அவ்வொரு செயலுக்காக நம் சமுதாயம் அவரை என்றும் நினைக்கும். கொள்கை நூலில் இருப்பதுபோல் மனிதர் இருப்பதில்லை.

ராஜாஜியின் 1953ஆம் ஆண்டு அரைநாள் கல்வித் திட்டம் ஏழைப் பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கே திருப்பி அனுப்பும் என்று எதிர்ப்பெழுந்து, மறு ஆண்டே அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டுப் பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவு தந்தார். இன்று இம்மலரைக் கையில் ஏந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் அந்த 'பெரிய அரசு' போட்ட சோற்றின் வழி வந்தவர்கள். 2007இல் கிடைத்த மூன்றரை விழுக்காடு ஒதுக்கீடும் அரசு தலையிட்டதால் வந்ததே. எனவே அரசு, பொருளாதாரம் பற்றிய பழமைவாதத் திட்டத்தில் உரிமம் ஒழிப்பதை ஏற்கிறேன். மருத்துவமனையையும் பள்ளியையும் கைவிடுவதை ஏற்கேன். இதில் இஸ்லாமிய நெறியும் துணை நிற்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் மனிதனின் உயிர், பொருள், மானம் மூன்றையும் தீண்டத்தகாப் புனிதமாக அறிவித்தார்கள். அதே மார்க்கம் அப்பொருளில் நூற்றுக்கு இரண்டரை ஏழையின் உரிமை என்றும் விதித்தது.

இனி நாம் பட்ட கடனுக்கு வருவோம்.

கோலக்நாத் தீர்ப்பு நிலக்கிழார்க்குச் சாதகமானது என்று அன்று முற்போக்காளர் அனைவரும் கொதித்தனர். தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961இல் 30 தர ஏக்கராகவும் 1970இல் 15 ஆகவும் குறைக்கப்பட்ட காலம் அது. உழைப்பவனுக்கு நிலம் கிடைப்பதற்கு இத்தீர்ப்பு தடையாகுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் சுப்பாராவ் எழுதியது சொத்துரிமையை மட்டும் பற்றியதன்று. அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி முழுவதற்கும் அவர் மதில் எழுப்பினார். அப்பகுதியில்தான் 25ஆம் பிரிவின் மதச் சுதந்திரம் இருக்கிறது. அப்பகுதியில்தான் சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் 30ஆம் பிரிவு இருக்கிறது. நம் கல்லூரி எழுந்து நிற்பது செங்கல்லின் மேல் மட்டுமன்று, அந்த 30ஆம் பிரிவின் மேலும்தான். பெரும்பான்மை வாக்குக் கொண்ட எந்த நாடாளுமன்றமும் ஒரு பிற்பகலில் அதனை நீக்கிவிடலாம் என்றிருந்தால், சமுதாயப் பெரியோர் நிலம் கொடுத்தும் நிதி திரட்டியும் எழுப்பிய கல்லூரிகள் எதன் துணையில் நிற்கும்?

1971இல் 24ஆம் திருத்தத்தால் நாடாளுமன்றம் அத்தீர்ப்பைக் கடக்க முயன்றது. 1973 ஏப்ரல் 24 அன்று, காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், பதின்மூன்று நீதிபதிகள் கூடி, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், திருத்தும் அதிகாரம் உண்டு, ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கும் அதிகாரம் இல்லை என்றனர். சுப்பாராவின் மதில் உருமாறி நிலைத்தது. இந்து மடம் ஒன்றின் நிலவழக்கு, பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் நம் கல்லூரிக்கும் சேர்த்துக் காவலாயிற்று.

சொத்துரிமையும் 1978இல் வந்த 44ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அதே திருத்தம் 30ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. சிறுபான்மைக் கல்வி நிலையத்தின் சொத்தை அரசு கட்டாயமாக எடுத்துக்கொள்ள நேர்ந்தால், அதற்குத் தரும் தொகை அந்நிலையத்தை நடத்தும் உரிமையைக் குலைப்பதாக இருக்கக் கூடாது என்பது அவ்விதி. நிலக்கிழாருக்கில்லாத பாதுகாப்பு நம் கல்லூரி மைதானத்துக்கு இருக்கிறது! சொத்துரிமை என்றாலே பணக்காரர் பேச்சு என்று ஒதுக்கும் நம் இளைஞர்கள் இதனை அறிந்து வைத்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் வக்பு திருத்தச் சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றோர் கையில் எடுத்ததும் இதே மூன்றாம் பகுதியைத்தான்.

இன்னும் இரண்டு தீர்ப்புகளைச் சொல்ல வேண்டும். ஒன்று கரக் சிங் வழக்கு, 1962. ஒருவர் வீட்டைக் காவல்துறையினர் கண்காணிப்பதும் நள்ளிரவில் கதவைத் தட்டுவதும் பற்றியது. இரவில் வீடு புகுவதை மட்டும் பெரும்பான்மையோர் தடுத்து, ஏனைய கண்காணிப்பை விட்டுவிட்டனர். அந்தரங்கம் தனிமனித விடுதலையின் உறுப்பு, ஆகவே முழு விதிமுறையுமே செல்லாது என்று சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார். அன்று தோற்ற அக்கருத்தை 55 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக ஏற்றனர். காவலரின் கதவுத் தட்டலுக்கு அஞ்சி வாழும் தெரு எது, அஞ்சாத தெரு எது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று, பதவி விலகுவதற்குச் சற்று முன் 1967 ஏப்ரலில் அவர் தந்த தீர்ப்பு. அதுவரை பாஸ்போர்ட் என்பது அரசின் கருணை. விரும்பினால் தரும், விரும்பாவிட்டால் மறுக்கும், கேட்க ஒரு சட்டமும் இல்லை. சத்வந்த் சிங் என்னும் வணிகர் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித விடுதலையின் ஒரு கூறு, சட்டமின்றி அதனை மறுத்தல் ஆகாது என்று மூவர் கூடிய பெரும்பான்மை தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டு பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய நம் முன்னோரையும், 1973க்குப் பின் வளைகுடாவுக்குப் பறந்த நம் தந்தையரையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை வீட்டின் அடுப்பு அப்புத்தகத்தால் எரிந்தது! எத்தனை மூத்தோரின் ஹஜ்ஜுக் கடமை அதனால் நிறைவேறியது! 'பழமைவாதி' என்று நாம் ஒதுக்கிய வேட்பாளரின் அரசியல், அரசின் கையைக் கட்டும் அரசியலாக இருந்தது. அக்கட்டு நமக்குத்தான் மிகுதியும் தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நம் நினைவில் இருக்க வேண்டும். சொல்லக் கூச்சமாயினும் சொல்கிறேன். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர் குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலி அகமது அவர்கள். நம்மவர். அவர் அப்பதவிக்கு வந்தபோதும் நாம் மகிழ்ந்தோம். அடுத்து வந்த மாதங்களில் தில்லி துருக்மான் வாயிலில் இடிக்கப்பட்ட வீடுகள் எவருடையவை? 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடிக் காலத்தில் சிறைப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றம் செல்ல உரிமையில்லை என்று நால்வர் தீர்ப்பளித்தனர். அந்நால்வருள் நீதியரசர் மிர்சா ஹமீதுல்லா பேக் அவர்களும் ஒருவர். மறுத்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. நம் பெயருடையவர் உயர்ந்த நாற்காலியில் அமர்வது நமக்குப் பெருமை தரலாம். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்நாற்காலியைச் சுற்றிச் சட்டம் எழுப்பிய மதிலே இடருக்கு உதவுவது. மதிலைக் கட்டியவர் நம் பெயருடையவராக இருக்க வேண்டியதில்லை.

ஜாகிர் உசேன் அவர்கள் 1969 மே 3 அன்று பதவியிலிருக்கும்போதே காலமானார்கள். அடுத்து நடந்த தேர்தலில் சுதந்திராவும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தி மூன்றாமிடம் பெற்றன, அக்கதை வேறு. சுப்பாராவ் மீண்டும் அத்தேர்தற்களம் புகவில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி 8 அன்று, ஜாகிர் உசேன் பிறந்தநாளில், பேச்சுப் போட்டி வைப்பது நம் கல்லூரிகள் சிலவற்றில் வழக்கம். அவ்வழக்கம் தொடரட்டும். அப்போட்டிக்குரிய தலைப்புகளில் ஒன்றாகக் கோலக்நாத் தீர்ப்பையும் சேர்க்குமாறு தமிழ்த்துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் வேண்டுகோள் வைக்கின்றேன். ஆதரித்துப் பேசுவோரும் மறுத்துப் பேசுவோரும் இருக்கட்டும். திருமுக்கூடலில் வாதிட்ட அவ்விரு மாணவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்தலாம். நூலகத்தில் அத்தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றும் இல்லை. அதனை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

சுப்பாராவ் 1976 மே 6 அன்று மறைந்தார். தேர்தலில் அவர் தோற்ற நாளிலிருந்து சரியாக ஒன்பது ஆண்டுகள். நால்வர் தீர்ப்பு வெளிவந்து எட்டு நாட்கள். நாடு அப்போது நெருக்கடி நிலையில் இருந்தது.